எண்ணூர்ச் சேறு

எழுத்தாளனுக்கு இரண்டு விதமான விரோதிகள் உண்டு. அவன் எழுதியதைப் படிக்காமலே திட்டுகிறவர்கள் ஒரு விதம். படித்து, நம்பி, அதன்படி நடந்தும் விடுகிறவர்கள் மற்றொரு விதம். முதல் விதத்தாரால் எனக்கு இதுவரை ஒரு தீங்கும் வந்ததில்லை. இரண்டாவது விதத்தார் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார்கள்.

இராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு இருபது வருஷமாக மீன் கொண்டு வருகிறாள் ஒரு கிழவி. தெரு முழுவதற்கும் அவள் ஆயா. காசிமேட்டு ஏலத்தில் எடுத்த மீன் கூடையில் ஒரு பக்கம் இருக்கும். இன்னொரு பக்கம், ஈரச் சாக்கின் கீழ், எண்ணூர் ஆற்று எறா. கடல் எறாவைவிட ஆற்று எறாவுக்கு ருசி அதிகம் என்பது எங்கள் தெருவின் ஏகோபித்த அபிப்பிராயம். அப்படித்தான் இருந்தது, நான் எழுதுகிற வரையில்.

நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். வட சென்னையைப் பற்றி ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை கேட்டார். இராயபுரத்து ரயில் நிலையம் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவில் அதுதான் மூத்தது என்றெல்லாம் வழக்கமான பெருமைகளைச் சொல்லிவிட்டு, பக்கம் நிரம்பாததால் எண்ணூருக்குப் போனேன். கால்நடையாக அல்ல, பேனாவால். அனல் மின் நிலையத்துச் சாம்பலைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு, "கழிமுகத்துச் சேற்றில் கதிரியக்கம்கூட இருக்கிறதாம்" என்று முடித்தேன். அந்தத் "தாம்" என்ற இரண்டு எழுத்தில் என் பொறுப்பை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் எங்கள் தெருவில் யாரும் ஆற்று எறா வாங்கவில்லை. மூன்றாவது வார முடிவில் ஆயா என் வீட்டு வாசற்படியில் கூடையை இறக்கினாள்.

"இன்னா நைனா, எறாவுல கரண்டு கீதுன்னு எழுதிக்கினியாமே?"

"கரண்டு இல்லை ஆயா, கதிரியக்கம்."

"அது இன்னாவோ ஒண்ணு. நீ பாத்தியா?"

"இல்லை."

"அப்போ யாருதான் பாத்தாங்கோ?"

எங்கோ படித்ததாகச் சொன்னேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் என்னிடம் பதில் கிடையாது. கூடையைத் திறந்து, ஐஸ் கரைந்து வெளுத்துப்போன எறாவைக் காட்டினாள். "நேத்தும் இத்தே, இன்னிக்கும் இத்தே. என் பேத்தி ஊட்டுக்காரன் அங்கதான் படகு வெச்சிக்கீறான். நீ போயி பாரு. பாத்துட்டு இன்னா வேணா எழுது" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

என் தங்கை மகன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். ஏரிகளிலும் கழிமுகங்களிலும் அடியில் படிந்த சேற்றை எடுத்து அதிலுள்ள இயற்கைக் கதிரியக்கத்தை அளப்பது அவனுடைய வேலை. அவனுக்கு வரன் பார்க்கும்போது இந்த உத்தியோகத்தை எப்படி விளக்குவது என்று தங்கை என்னைக் கேட்டிருக்கிறாள். "நிலவியல் விஞ்ஞானி என்று சொல், சேறு என்று சொல்லாதே" என்று யோசனை சொன்னவன் நான். அந்தச் சேறு எனக்கே ஒரு நாள் வேண்டிவரும் என்று அப்போது நினைக்கவில்லை.

அவனைப் பார்க்கப் போனபோது, பேச்சுவாக்கில், எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பிரிக்காத மாண்டில் ஒன்றும் கிடக்கின்றன என்று சொன்னேன். அடுத்த ஞாயிறன்றே கையடக்கமான ஒரு கருவியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். என் மேஜைமேல் எண்ணூர்ச் சேறு கொஞ்சம் வைத்தான். கருவி, 'டிக்... டிக்... டிக்' என்று சோம்பேறித்தனமாகக் குரல் கொடுத்தது. சேற்றை எடுத்துவிட்டான். அதே சோம்பேறிக் குரல். பிறகு மாண்டில் உறையைக் கொண்டுபோய் அருகில் வைத்தான். கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடித்தது! என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, உங்கள் தெருவிலேயே கதிரியக்கம் அதிகமான பொருள் உங்கள் பரணில்தான் இருக்கிறது" என்றான் பையன்.

விஷயம் இதுதான். மாண்டில் துணி தோரியம் என்ற உலோகத்தின் உப்பில் நனைக்கப்பட்டது. அந்தத் தோரியம் மானஸைட் என்ற மணலிலிருந்து வருகிறது. 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் தென்கோடிக் கடற்கரையில் இந்த மணலைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியிலிருந்தும் கொல்லத்துச் சவறாவிலிருந்தும் அது கப்பலேறிப் போய் ஐரோப்பியத் தெருக்களில் வெளிச்சம் போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல், மானஸைட்டைச் சுத்திகரிக்கிற ஆலையை நேரு ஆல்வாயில் திறந்து வைத்தார். எத்தனை கலியாண ஊர்வலங்களில் எத்தனை ஏழைகள் தலைமேல் தோரியத்தைச் சுமந்து நமக்கு வழி காட்டியிருக்கிறார்கள்! அதைப் பற்றி யாரும் ஒரு "தாம்"கூட எழுதியதில்லை.

இயற்கைக் கதிரியக்கம் என்பது எங்கும் உள்ளது. யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தில் ஒரு வகை ஆகிய மூன்றும் பூமி உண்டான நாளிலிருந்து அதனுள் இருக்கின்றன. தோரியம் பாதியாகக் குறைவதற்கு 1400 கோடி வருஷம் ஆகுமாம். (இந்தத் "தாம்"முக்கு ஆதாரம் உண்டு, கவலை வேண்டாம்.) உலகத்துச் சாதாரண மண்ணில் ஒரு கிலோவை எடுத்துக்கொண்டால், ஒரு விநாடிக்கு யுரேனிய வகையில் சுமார் 35 அணுக்களும் தோரிய வகையில் சுமார் 30 அணுக்களும் பொட்டாசிய வகையில் சுமார் 400 அணுக்களும் உடைகின்றன. விநாடிக்கு ஓர் அணு உடைவதை ஒரு பெக்கரல் என்கிறார்கள். கேட்க ஏதோ பயங்கரமாக இருக்கும். ஆனால் இந்தக் கட்டுரையைப் படிக்கிற வாசகரின் உடம்பில், பொட்டாசியத்தால் மட்டும், விநாடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன.

சாம்பலும் அப்படித்தான். நிலக்கரியில் இந்த மூன்றும் கொஞ்சம் இருக்கின்றன. கரி எரிந்து போகிறது, இவை எரிவதில்லை. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு சாம்பலாகவே எஞ்சுவதால், கரியில் இருந்ததெல்லாம் சாம்பலில் வந்து சேர்ந்து, சாதாரண மண்ணைவிடச் சில மடங்கு ஆகிவிடும். அவ்வளவுதான். நான் எழுதிய வாக்கியம் பொய் அல்ல. ஆனால், "ஆயாவின் வீட்டில் அடுப்பு எரிகிறதாம்" என்று எழுதினால் அது எவ்வளவு மெய்யோ அவ்வளவுதான் இதுவும் மெய்.

"அப்படியானால் இதை அளந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். "வாருங்கள், காட்டுகிறேன்" என்றான்.

போனோம். தை மாதத்து விடியற்காலை. திருவொற்றியூர் தாண்டினால் சாலையின் கிழக்கே கடலுக்குப் பாறாங்கல் போட்டு அணை கட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற சுபாவம் உடையது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமாயிற்று. வடக்கே திருவொற்றியூர்க் குப்பங்கள் கடலுக்குள் போயின. நாம் காற்று வாங்குகிற மணலுக்கு அவர்கள் வீடு கொடுத்திருக்கிறார்கள். கல்லுக்கு நடுவே மிஞ்சியிருந்த கரையில், அலை ஒதுங்கிய இடத்தில், மை தீட்டினாற்போலக் கறுப்பு வரிகள் கிடந்தன. கனமான மணல் கறுப்பாக அடியில் தங்கும். இலேசான வெள்ளை மணலை அலை கொண்டுபோய்விடும். முறத்தில் அரிசி புடைக்கிற அதே கணக்கு. அந்தக் கறுப்பில் மானஸைட்டும் சேர்ந்து வரும் என்று பையன் சொன்னான். கல்பாக்கம் கரையிலும் அணுமின் நிலையத்தோடு சம்பந்தமில்லாத இப்படிப்பட்ட மணல் திட்டுகள் உண்டாம். விஞ்ஞானிகள் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆயாவின் பேத்தி புருஷன் முகத்துவாரத்துக்கு அருகே படகோடு காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வடக்கே பழவேற்காட்டிலிருந்து வரும் உப்பங்கழியும் இங்கே கூடுகின்றன. புத்தகங்களில் கழிமுகம் என்று இருக்கும். ஊர்க்காரர்களுக்கு வெறும் 'ஆறு'தான். நீர் வற்றியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில், வாயில் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தார்கள் சில பெண்கள். தூரத்தில் புகைபோக்கிகள். 1970இல் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் நின்றுவிட்டது. 1994இலிருந்து இயங்குகிற வட சென்னை நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எங்கப்பன் காலத்துல இங்க கழி போட்டா அடி எட்டாது சார்" என்றார் படகுக்காரர். அவர் போட்ட கழி முழங்கால் ஆழத்தில் நின்றது.

பையன் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் நட்டு, மேலே ஏறி நிற்காத குறையாக அழுத்தி இறக்கினான். வாயை மூடி, மெதுவாக இழுத்தான். 'ப்ளக்' என்று ஒரு சத்தத்தோடு, குழாய் நிறையச் சேறு வந்தது. மேலே சாம்பல் நிறத்தில் மாவு போன்ற ஒரு படிவம். அதன் கீழ் கறுத்து, அழுகின முட்டை வாசனை அடிக்கும் சேறு. அதற்கும் கீழே சிப்பி ஓட்டுத் துண்டுகள் பதிந்த நீலக் களிமண். பாயசத்தை டம்ளரில் ஊற்றி வைத்தால் அடுக்கடுக்காகத் தெரியுமே, அந்த மாதிரி.

"மேலே இருக்கிறது புதுசு, கீழே இருக்கிறது பழசு. எது எந்த வருஷம் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் மாமா கதிரியக்கம்" என்றான்.

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கே மூன்று தரம் சொன்ன பிறகுதான் புரிந்தது. மண்ணிலுள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியம் ஆகிறது. ரேடியம் ரேடான் என்ற வாயு ஆகி, மண்ணிலிருந்து தப்பி ஆகாயத்துக்குப் போகிறது. அங்கே சில நாளில் அதுவும் சிதைந்து, கடைசியில் ஒரு விசேஷமான ஈயம் ஆகிறது. ஈயம்-210 என்பது அதன் பெயர். அது மழையோடும் தூசியோடும் இறங்கி ஏரியிலும் கழியிலும் விழுந்து, சேற்றோடு படிந்துவிடுகிறது. 22 வருஷத்துக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும். ஒரு நீண்ட ஜாடியில் தினம் ஒரு கற்பூர வில்லை போட்டுக்கொண்டே வந்தால் அடியில் கிடப்பது கரைந்து சிறுத்திருக்கும் அல்லவா? அதைப்போல, ஒவ்வோர் அடுக்கிலும் ஈயம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து அந்த அடுக்கு படிந்த வருஷத்தைச் சொல்லிவிடலாம். மண்ணுக்குள்ளேயே ரேடியத்திலிருந்து பிறக்கிற ஈயமும் கொஞ்சம் உண்டு. அதைக் கழித்துவிட வேண்டும்.

இந்த ஈயத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம் என்று 1963இல் அமெரிக்காவில் கோல்ட்பெர்க் சொன்னார். ஏரிச் சேற்றில் அதைச் செய்து காட்டியவர்கள், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கிருஷ்ணசாமியும் தேவேந்திர லாலும், அவர்களோடு சேர்ந்த இரு பிரெஞ்சுக்காரர்களும். அது 1971இல். இன்று உலகம் முழுவதும் ஏரிகளின் ஜாதகத்தைக் கணிப்பது இந்த முறையில்தான். நம்மவர்கள் செய்த காரியம் என்று நமக்குத்தான் தெரியாது.

ஏழு பாதி, அதாவது நூற்றைம்பது வருஷம் வரைக்கும் இந்தக் கடிகாரம் ஓடும். அதற்குமேல் ஈயம் மிஞ்சாது. நூற்றைம்பது வருஷம் என்றால், 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களை வைத்துப் பக்கிங்காம் கால்வாயை வெட்டி இணைத்தார்களே, அந்தக் காலம். அவர்கள் கிளறிய மண்ணும் இந்த ஆற்றின் அடியில் எங்கோ கிடக்க வேண்டும்.

நல்ல கடிகாரந்தான். ஆனால் எண்ணூரில் அது சுலபமாக ஓடுவதில்லை. முதல் நாலு குழாயையும் பையன் கொட்டிவிட்டான். நண்டு வளை தோண்டிச் சேற்றைக் கலக்கியிருந்தது. எறா பிடிக்கிற பெண்கள் தினம் கலக்குகிறார்கள். தூர் வாருகிற இயந்திரம் வேறு. அடுக்கு கலைந்தால் கணக்கு போயிற்று. போதாக்குறைக்கு, மேலே வந்து விழுந்த சாம்பலுக்குச் சொந்தமாக ரேடியம் உண்டு. வேகமாகக் கொட்டிய சாம்பல் ஆகாயத்து ஈயத்தை நீர்மோர் மாதிரி நீர்க்கவும் அடித்துவிடும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பையனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"கலங்காத எடந்தானே வோணும்?" என்றார் படகுக்காரர், முதல் தடவையாகச் சுவாரசியத்தோடு. "அத மொதல்லயே கேட்டுருக்கலாமே தம்பி." அலையாத்திப் புதர் ஒன்றைச் சுற்றி, ஒரு முடுக்குக்குள் கொண்டுபோனார். நண்டு இல்லை, எறா இல்லை, ஆகையால் ஆளும் வருவதில்லை என்றார். ஐந்தாவது குழாய் அங்கேதான் ஒழுங்காக வந்தது.

அதை இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக அறுத்து, உலர்த்தி, சலித்து, டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து ஒரு மாதம் வைத்தார்கள். ரேடானும் அதன் சந்ததியும் உள்ளேயே தங்கிச் சமநிலைக்கு வருவதற்காக. திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்கு வருஷத்தில் மூன்று நாள்தான் கவசம் நீக்குவார்கள். இந்த டப்பாவுக்கோ மூடி நீங்கவே நீங்காது, மூடினபடியே தரிசனம். பிறகு ஈயக் கட்டிகளால் கட்டிய ஒரு சின்னக் கோட்டைக்குள், கடுங்குளிரில் வைத்த ஜெர்மானியப் படிகத்தின் எதிரில், மணிக்கணக்காக அதை உட்கார்த்தி வைத்தார்கள். கணிப்பொறித் திரையில் சிகரங்கள் எழுந்தன. 1460இல் எழுந்தால் பொட்டாசியம். 609இல் யுரேனிய வம்சத்துப் பிஸ்மத். 2614இல் தோரிய வம்சத்துத் தாலியம். ஒதுக்குப்புறமாக 46இல் கூச்சத்தோடு எட்டிப் பார்ப்பது நம்முடைய ஈயம். கோட்டை கட்டுகிற ஈயத்திலேயும் இந்த ஈயம் இருந்து தொல்லை கொடுக்குமாம். ஆகவே நுட்பமான வேலைக்கு, மூழ்கிப்போன பழைய கப்பல்களிலிருந்து எடுத்த ஈயத்தைத் தேடிப் போகிறார்கள். கிழடானால் மதிப்பு உண்டு என்று கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவன் கண்ட எண்களை இங்கே நான் எழுதவில்லை. அவை அவனுடைய ஆராய்ச்சிக்குச் சொந்தம். பெரியவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தவிர, எண்ணூர்ச் சேற்றைப் பற்றி அவசரப்பட்டு எழுதின அனுபவம் எனக்கு ஒரு முறை போதும். ஆனால் ஒன்று நடந்தது, அதைச் சொல்லலாம். கணக்கு முடிந்ததும் பையன் ஒரு காகிதத்தில் குழாயின் படத்தை வரைந்து, பக்கத்தில் வருஷங்களைக் குறித்து, படகுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினான். நானும் போயிருந்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "நான் பொறந்த வருஷம் எங்க கீது?" என்று கேட்டார். பையன் விரல் வைத்துக் காட்டினான். "அஞ்சு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம் அண்ணே."

"எங்கம்மாவும் அதத்தான் சொல்லும். பொயலு அடிச்சதே, அதுக்கு முன்னயோ பின்னயோன்னு" என்று சிரித்தார். பிறகு தன் விரலை அந்தக் கோட்டில் வைத்து, அதற்கு மேலே இருந்த கனத்தை இன்னொரு கையால் சாண் போட்டு அளந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இம்மாந்தூரம் என் வயசுல ரொம்பிக்கீது" என்றார்.

திரும்பி வருகிற வழியில் நான் யோசித்தேன். குற்றவாளியைத் தேடிக்கொண்டு போய், சாட்சியைப் பிடித்து உதைத்தவன் கதையாகிவிட்டது என் கதை. கதிரியக்கம் அந்த ஆற்றுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. மற்றவர்கள் செய்தது எப்போது என்று தேதி போட்டு வைத்திருக்கிறது. சாம்பல் ஆற்றைத் தூர்த்தது. சாம்பலில் பாதரசமும் ஆர்சனிக்கும் உண்டு. அவற்றுக்கு 22 வருஷத்தில் பாதியாகிற நல்ல குணம் கிடையாது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டிற்று. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கால்வாய் வழியாக ஆறு முழுவதும் பரவிற்று. வலைகளும் படகுகளும் கூழைக்கடாப் பறவைகளும் கறுத்துப்போயின. குப்பத்து ஜனங்கள் வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அவையெல்லாம் ஊரறிய நடந்தவை. அவற்றை எழுதியிருக்கலாம். பக்கத்தை நிரப்ப எனக்குக் கிடைத்ததோ 'கதிரியக்கம்' என்ற சொல்.

மறுநாள் ஆயா வந்தாள். தெருவில் வியாபாரம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஜனங்களுக்கு ஞாபகம் குறைவு, ருசி அதிகம். கூடையை இறக்கிவிட்டு, "போயி பாத்தியா?" என்றாள்.

"பார்த்தேன் ஆயா. கரண்டு ஒன்றும் இல்லை. உன் எறாவில் இருப்பது என் உடம்பிலும் இருக்கிறது. அப்படியே எழுதப் போகிறேன்."

"நல்லது நைனா. அப்டியே, எறா ரொம்ப நல்லா கீது, அல்லாரும் வாங்கித் துன்னலாம்னு ஒரு வரி சேத்துப் போடு."

நான் சும்மா இருந்தேன். பாதரசத்தையும் எண்ணெயையும் பற்றி இந்தப் பையனுடைய கருவி ஒன்றும் சொல்லாது. அதை அளக்கிற டப்பா வேறு.

"அது எனக்குத் தெரியாது ஆயா" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தராசை எடுத்து, நான் கேட்காமலே அரை கிலோ நிறுத்து, மேலே ஒரு கை போட்டாள். பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கூடைக்குக் குனிந்தாள். நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன்.